நகல் அல்லாத அச்சு: வீட்டுச் சுவருக்குப் படம் தேர்வது எப்படி?

வீட்டுச் சுவருக்கான ஓவியம் இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஓவியர் தம் கையால் ஒரே ஒரு முறை தீட்டியது ஒன்று. அச்சில் பல பிரதிகளாக எடுத்தது மற்றொன்று. பெயர்பெற்ற ஓவியர் தீட்டியது என்றால் லட்சங்களில் பேச வேண்டும். அச்சுப் படத்தை மாதச் சம்பளக்காரர் எவரும் வாங்கலாம். ஆனாலும் தமிழ்நாட்டில் வீடு கட்டி முடிப்பவர்களில் பெரும்பாலோர் அச்சுப் படத்தின் பக்கம் வருவதே இல்லை. டைல்ஸுக்கு நாலு ஊர் அலைந்தவர்கள், படம் என்று வந்ததும் கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்ததை ஆணியில் மாட்டிவிட்டுக் கைகழுவுகிறார்கள். கேட்டால், ஓவியம் நமக்கெல்லாம் புரியாது என்பார்கள். இந்தச் சாக்கை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. பட்டுச் சேலையின் கரையைப் பிரித்துப் பார்த்து, நெய்தது எது, அச்சடித்தது எது என்று ஒரு நொடியில் சொல்லிவிடும் கண்ணுக்கு அச்சுப் படம் புரியாமல் போக வழியே இல்லை. அதற்கு வேண்டிய கண்ணும் அதே கண்தான்.

அடிப்படை முறைகள் நான்கு. மரக்கட்டையிலோ லினோலியத்திலோ வேண்டாத இடங்களைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேடாக நிற்கும் இடத்தில் மை உருட்டி எடுப்பது மரச்செதுக்கு அச்சும் லினோகட்டும். செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தோ உளியால் கீறியோ கோடுகளைப் பள்ளமாக்கி, பள்ளத்தில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுப்பது எட்சிங், என்கிரேவிங் வகை. கல்லச்சு மூன்றாவது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்து 1790-களின் இறுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனபெல்டர் உருவாக்கியது. மெழுகுக் கட்டியால் சுண்ணாம்புக் கல்லில் வரைந்தால் வரைந்த இடம் மட்டும் மையை வாங்கிக்கொள்ளும். நான்காவது ஸ்க்ரீன் பிரிண்டிங், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே முறைதான். ஒரு படம் வாங்குவதற்கு இவ்வளவு தொழில்நுட்பம் போதும்.

தெரிந்தே ஆக வேண்டியது வேறொன்று. அச்சுப் படங்களில் பதிப்போவியம் ஓர் இனம், நகலச்சு வேறோர் இனம். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் கிடக்கின்றன, ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. அலங்காரப் பக்கங்கள் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

பதிப்போவியம் என்பது கட்டையிலோ தகட்டிலோ கல்லிலோ பிறந்த படம். அச்சாவதற்கு முன் அது வேறெங்கும் இருந்ததில்லை. நகலச்சு என்பது ஏற்கெனவே தீட்டி முடித்த ஓர் ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து இயந்திரத்தில் அடித்தது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’ இதற்கு நல்ல சான்று. 1831 வாக்கில் வெளியான படம். நகம் விரித்ததுபோல் எழும் அலை, அதன் கீழே படகுகளில் குனிந்திருக்கும் மனிதர்கள், தொலைவில் சிறியதாய் ஃபூஜி மலை. இதன் ‘அசல் ஓவியம்’ எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். எங்கும் இல்லை. ஹொகுசாய் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்ததைச் செதுக்குபவர் செர்ரி மரக்கட்டையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே வெட்டினார். வெட்ட வெட்ட வரைபடம் அழிந்தது, கட்டையில் படம் பிறந்தது. அதிலிருந்து ஆயிரக்கணக்கில் தாள்கள் அச்சாகி, சாதாரண நகரவாசிகள் வாங்கும் விலைக்கு விற்றன. அந்தத் தாள் ஒவ்வொன்றும் அசல்தான். வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர், முதல் போட்ட பதிப்பாளர் என நான்கு பேரின் உழைப்பு ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

அசல்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. கட்டை தேயத் தேயக் கோடுகள் உடையும். ‘பேரலை’யின் இடது மேல் மூலையில் படத்தின் தலைப்பைத் தாங்கும் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதன் எல்லை இரட்டைக் கோடு. முந்திய பிரதிகளில் அந்தக் கோடு முழுசாக ஓடுகிறது. பிந்தியவற்றில் இடப்பக்கம் விட்டுப்போயிருக்கிறது. வானத்தில் மங்கலாகத் தெரியும் மேகமும் பல பிரதிகளில் வெளிறி மறைந்துவிட்டது. அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய படங்களில் இதை யாரும் பெரிதாக்கிப் பார்க்கலாம். இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தக் கோட்டை ஒரு முறை பார்த்தவருக்கு அச்சுப் படத்தை ரசிப்பது எப்படி என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது வான்கோவின் சூரியகாந்திப் பூக்களை எடுத்துக்கொள்ளலாம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அந்தக் கித்தானில் வண்ணம் தடித்துக் கிடக்கிறது. பூவின் நடுவில் வண்ணமே மேடாக எழுந்து நிழல் விழுத்துகிறது. வழவழப்பான தாளில் அடித்த நகலில் மேடும் இல்லை, நிழலும் இல்லை. மஞ்சள் நிறமும் ஜாடியின் வடிவமும் மட்டும் எஞ்சுகின்றன. கித்தான் துணியிலேயே அடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் வரும். துணியின் நெசவு தெரிவதால் தூரிகையின் தடம் வந்துவிடாது. எண்ணெய் ஓவியத்தின் நகல், அந்த ஓவியம் எப்படி இருக்கும் என்று தெரிவிக்கும் குறிப்பு. அதைச் சுவரில் மாட்டுவதில் குற்றமில்லை, ஓவியம் மாட்டியிருப்பதாக நினைப்பதில்தான் குற்றம்.

இரண்டையும் பிரித்தறியப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். சிவகாசி அச்சகங்களில் மெஷின் பக்கத்தில் நிற்பவர் தாளைக் கையிலெடுத்ததும் கண்ணில் வைத்துப் பார்க்கும் அந்தச் சிறிய லென்ஸ்தான். ஆஃப்செட்டில் அடித்த நகலை அதன் வழியே பார்த்தால் முகமும் மலரும் மறைந்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள் வரிசை பிசகாமல் சிறு சிறு வளையங்களாக நிற்கும். தோல் நிறமும் வானமும் புடவையும் அதே நான்கு புள்ளிகளால் ஆனவை. இங்க்ஜெட்டில் வளையம் இருக்காது, மிக நுண்ணிய தூறல் தெரியும். கல்லச்சில் கல்லின் சொரசொரப்பு, மெழுகுக் கட்டி உரசிப்போன ஒழுங்கற்ற துகள்களாகத் தெரியும். எட்சிங்குக்கு லென்ஸ்கூட வேண்டாம். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பள்ளத்திலிருந்து இழுபட்டு வந்த மை தாளின் மேல் நூலிழைபோல் புடைத்து நிற்பது தெரியும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளமும் இருக்கும். மரச்செதுக்கில் மை கோட்டின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அடர்ந்திருக்கும். தாளைத் திருப்பினால் பின்பக்கம் அழுத்தம் தெரியக்கூடும்.

ரவிவர்மா படங்களில்தான் இந்த வேறுபாடு சூடு பிடிக்கிறது. கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். அவற்றை வண்ண அச்சாக்கி ஊரெங்கும் பரப்பலாம் என்று யோசனை சொன்னவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூருக்கும் பரோடாவுக்கும் திவானாக இருந்த டி. மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. இயந்திரங்களும் தொழில் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். பின்னர் அச்சகம் லோனாவாலாவுக்குப் பக்கத்திலுள்ள மலவலிக்கு இடம் மாறி, பிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது.

எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துச் செய்தவை என்பதால், ஓலியோகிராஃப் எனப்படும் இந்த வண்ணக் கல்லச்சுகளை நகலச்சு என்று தள்ளிவிடத் தோன்றும். லென்ஸ் வேறு கதை சொல்கிறது. பழைய லட்சுமி படம் ஒன்றின் கன்னத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு, காவி, மங்கிய நீலம் என்று புள்ளிகள் தெரியும். எந்தப் புள்ளியும் அடுத்ததைப் போல இருக்காது. சில நீளம், சில உருண்டை, மூக்கின் நிழலில் நெருக்கம், தாடையில் இடைவெளி. காரணம், அவை ஒவ்வொன்றையும் ஒருவர் கல்லின்மேல் குனிந்து கையால் வைத்திருக்கிறார். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே முகத்தைப் பல கற்களில் நிறம் நிறமாகப் பிரித்து, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் பதியும்படி செய்தது பெயர் தெரியாத அந்தக் கல்வரைஞர்களின் வேலை. ரிஜிஸ்டர் சற்றே விலகிய பிரதியில் உதட்டுக்கு வெளியே சிவப்பு எட்டிப்பார்க்கும். அது குறை என்று தள்ளுபவர் தள்ளட்டும். கல்லும் கையும் தெரியும் இடம் அதுதான். ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியம் வேறு, கல்வரைஞர்களின் லட்சுமி வேறு. பின்னதைப் பதிப்போவியத்தின் பந்தியில் உட்கார வைக்க வேண்டும்.

இந்தப் படங்களை நாடகத்தனமானவை, கற்பனை வறண்டவை என்று ஒதுக்கியவர்களில் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி முக்கியமானவர். அவருடைய கண் பெரியது, ஆனால் அது ரவிவர்மாவின் கருப்பொருளில் நின்றுவிட்டது, கல்லில் நடந்த வேலைக்கு வரவில்லை. அவருக்குப் பின் வந்த விமர்சகர்கள் ‘காலண்டர் படம்’ என்பதையே வசவாக்கினார்கள். இப்போது காற்று திரும்பிவிட்டது. பரணில் கிடந்ததைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டவர்களே, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அதைத் தேடுகிறார்கள். தேடுவது நல்லது. ஆனால் பழைய தேக்குச் சட்டத்துக்குள் புதிய ஆஃப்செட் நகலை வைத்துத் தருவது இந்த வியாபாரத்தில் நடக்கும். சட்டத்தின் வயது படத்தின் வயது ஆகாது. கன்னத்தில் புள்ளிகள் வரிசையாக நின்றால் பேரம் பேசாமல் வெளியேறிவிட வேண்டும்.

பதிப்போவியத்துக்கும் நகலச்சுக்கும் நடுவே மூன்றாவது இனம் ஒன்றும் இருக்கிறது. தீட்டும்போதே அச்சுக்கென்று தீட்டியது. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் சிவகாசி காலண்டர்களுக்கு வரைந்த தெய்வப் படங்கள் இந்த இனம். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகத் திரைச்சீலை எழுதிய கை அவருடையது. அதனால்தான் அந்தப் படங்களில் தூணும் திரையும் ஆற்றங்கரையும் மேடைபோல் பின்வாங்கி நிற்கின்றன, அம்மனும் முருகனும் முன்னே வந்து நேராகப் பார்க்கிறார்கள். ஆஃப்செட்டில் அடித்தவைதாம், லென்ஸில் நான்கு நிறப் புள்ளிதான் தெரியும். ஆனால் அந்த நிறங்கள் தாளில் எப்படி விழும் என்பதை அறிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. தேதித் தாளைக் கிழித்துவிட்டு மேலட்டையை மட்டும் சட்டம் போட்டுப் பூஜை அறையில் வைத்திருந்த பாட்டிகளுக்கு இந்த வேறுபாடு விளக்கம் இல்லாமலே தெரிந்திருந்தது.

கையெழுத்தும் எண்ணும் அடுத்தவை. இக்காலப் பதிப்போவியத்தின் அடி விளிம்பில் பென்சிலால் 12/50 என்பதுபோல் எழுதியிருக்கும். மொத்தம் ஐம்பது எடுத்ததில் இது பன்னிரண்டாவது என்று பொருள். சிறிய எண் உசத்தி என்று நினைக்க வேண்டியதில்லை, அச்சான வரிசைப்படிதான் எண் இடுகிறார்கள் என்ற உறுதியும் கிடையாது. ஓவியர் தமக்கென எடுத்துவைக்கும் சில பிரதிகளில் எண்ணுக்குப் பதில் ஏ.பி. என்றிருக்கும். எண்ணும் கையெழுத்தும் மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. சால்வதோர் தாலி தம் கடைசிக் காலத்தில் வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள்களில் எதை எதையோ அடித்து விற்றார்கள். அவர் பெயரிலுள்ள பிந்திய அச்சுகளைக் கண்டு சந்தை இன்றும் மிரள்கிறது. இங்க்ஜெட்டில் அடித்த நகலுக்கு 12/50 என்று எண் போட்டு விலையை ஏற்றுவது இப்போதைய நாகரிகம். கணினியில் கோப்பு அப்படியே இருக்கிறது, ஐம்பதோடு நிற்கும் கட்டாயம் அதற்கு இல்லை. கட்டை தேயும், கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்குத் தயார் செய்வார்கள், தகட்டில் குறுக்குக் கோடு கீறிச் செல்லாததாக்குவார்கள். பதிப்போவியத்தில் எண்ணுக்கு அர்த்தம் அங்கிருந்து வருகிறது.

இந்தியப் பதிப்போவியர்களில் சிலரையாவது அறிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சித்தபிரசாத் (1915–1978) வங்கப் பஞ்சத்தை நடந்து பார்த்து வரைந்தவர். பிறகு உழைக்கும் குழந்தைகளை லினோகட்டில் வெட்டினார். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்டு ஒரு குழந்தையின் களைப்பைக் காட்ட முடியும் என்பதற்கு அவரே சான்று. ஹரேன் தாஸின் மரச்செதுக்குகளில் வங்கத்து வயலும் குளமும் மயிரிழைக் கோடுகளால் வெளிச்சம் பெறுகின்றன. சோம்நாத் ஹோர் ‘காயங்கள்’ வரிசையில் மையையே விட்டுவிட்டு, தாள் கூழில் தழும்புகளை மட்டும் அச்செடுத்தார். வெள்ளையின் மேல் வெள்ளை. சென்னை கலாக்ஷேத்ராவில் 1940-களின் இறுதியில் ஓவியம் கற்பித்த கிருஷ்ண ரெட்டி (1925–2018) பாரிஸ் போய், பதிப்போவியர் ஹேட்டரின் பட்டறையில் ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தில் பல நிறம் எடுக்கும் முறையை உருவாக்குவதில் முன்னின்றார். தகட்டை வெவ்வேறு ஆழங்களில் செதுக்கி, மையில் எண்ணெயைக் கூட்டிக் குறைத்து, கடினமான உருளையையும் மெத்தென்ற உருளையையும் மாற்றி மாற்றி உருட்டினால், நிறங்கள் கலந்து சேறாகாமல் தத்தம் மட்டத்தில் தங்கும். அவருடைய நீர்ச்சுழல் படத்தின் முன் நிற்பவர் சுழலை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தார். எந்த நிறம் பள்ளத்தில் கிடக்கிறது, எது மேட்டில் என்று பார்த்தால் மீதியும் கிடைக்கும். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் பதிப்போவியத்தைப் பறத்தல், வெளி, காலம் என்ற யோசனைகளுக்குக் கொண்டுபோனவர்.

அறைக்கு ஏற்பத் தேர்வது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண் மட்டத்தில் மாட்ட வேண்டும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவருக்குச் சரியாக வரும், உட்காரும் அறையில் இன்னும் சற்றுக் கீழே. தாத்தா படத்தையும் சாமி படத்தையும் வாசற்படிக்கு மேலே சாய்த்து மாட்டிய பழக்கத்தில் எட்சிங்கையும் அங்கே ஏற்றினால் ஒரு கோடும் தெரியாது.

சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகப் படம் வாங்குவது தவறு. உறை மாறினால் படத்தையும் மாற்ற வேண்டிவரும். ஒரே காட்சியை ஐந்து துண்டாக வெட்டி ஏற்ற இறக்கமாக மாட்டும் பாணி, படத்தை நம்பாதவர்கள் கண்டுபிடித்தது. வாஸ்துவுக்காக ஓடும் ஏழு குதிரைகளை வாங்குபவர் வாஸ்துவை வாங்குகிறார், அவரோடு சண்டை இல்லை. அதை ஓவியம் என்று விற்பவரோடுதான் சண்டை. கண்மூடிய புத்தர் தலையைச் சாந்தம் தரும் என்று குளியலறை வாசலில் மாட்டும் அலங்கார நிபுணர்களுக்குப் புத்தரும் தெரியாது, சாந்தமும் தெரியாது.

பதிப்போவியம் வாங்க இப்போதைக்கு வசதியில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. இதைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017 முதல், காப்புரிமை முடிந்த படைப்புகளின் பெரிய படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. ஹொகுசாயும் ரெம்பிராண்ட்டின் எட்சிங்குகளும் அதில் இருக்கின்றன. எண்ணெய் ஓவியத்தை விட்டுவிட்டு அச்சில் பிறந்த படமாகத் தேர்ந்து, அசல் அளவிலேயே அடிக்க வேண்டும். ‘பேரலை’ ஏறக்குறைய 25க்கு 37 செ.மீ. ஏ3 தாளில் அடங்கிவிடும். நாலடிக்கு ஊதிப் பெரிதாக்கினால் அந்தக் கோடுகள் கயிறாகிவிடும். வழவழப்பில்லாத பருத்தித் தாளில், பிக்மென்ட் மையில், அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் அடித்தால், நகல்களில் இதைவிட நாணயமானது கிடையாது. அச்சாகப் பிறந்ததை அச்சாகவே, அதே அளவில் பார்க்கிறோம் என்பதால் இழப்பு குறைவு.

பராமரிப்பில் தமிழ்நாட்டின் ஈரப்பதமே பெரிய எதிரி. கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. தொட்டால் சில மழைக்காலங்களில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும். நடுவில் அமிலமில்லாத அட்டையில் மவுண்ட் வைத்தால் அந்த இடைவெளி கிடைக்கும். செலோ டேப் பழுப்பேறித் தாளைத் தின்னும். ஹார்டுபோர்டில் பசை போட்டு ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் பதிப்போவியத்தைக் கொல்வதற்குச் சமம். வெயில் நேரே விழும் சுவரும், மழையில் ஓதம் ஏறும் சுவரும் ஆகாது.

வாங்குமிடம் தொலைவில் இல்லை. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் பதிப்போவியப் பட்டறை இயங்குகிறது. ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் மாணவர்கள் தங்கள் தகடுகளிலிருந்து தாங்களே அச்செடுக்கிறார்கள். மாணவர் கண்காட்சிக்குப் போய், பிடித்த லினோகட்டை எடுத்தவரிடமே கேட்டு வாங்கலாம். சட்டம் போடும் செலவு படத்தின் விலையைத் தாண்டிவிட்டாலும் ஆச்சரியமில்லை. ஃபிரேம் கடையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். சட்டத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை என்று சுற்றியுள்ள வெள்ளை விளிம்பை வெட்டக் கத்தியை எடுப்பார்கள். தகட்டின் தடமும் எண்ணும் கையெழுத்தும் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. வெட்ட விடாதீர்கள்.